பழைய லாரிக்கு எல்.இ.டி. இண்டிகேட்டர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

எங்கள் அய்யன் ஓட்டிய டாட்டா லாரி எழுபதுகளில் வந்தது. இப்போது அதை லோடுக்கு அனுப்புவதில்லை. மாதம் ஒருமுறை திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி வரையாவது ஓட்டிவிட்டு வருவேன். எப்போதாவது தூரமாகவும் போவதுண்டு. பழைய மஞ்சள் பல்புகள் பகல் வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. அதனால் நான்கு இண்டிகேட்டருக்கும் எல்.இ.டி. பல்பு வாங்கிப் போட்டேன். மாட்டுவதற்குப் பத்து நிமிடம். அவை ஒழுங்காக மின்ன மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

கோளாறின் ஆபத்து புரிந்தது திம்பம் மலையில். சத்தியமங்கலத்துப் பக்கமிருந்து ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவு தாண்டி, பின்னால் வந்த வண்டிக்கு வழிவிட இடது இண்டிகேட்டர் போட்டேன். அவர் முந்தாமல் அங்கேயே நின்றுவிட்டார். இடதும் வலதும் சேர்ந்து மின்னியிருக்கிறது. வண்டி பிரேக்டவுன் என்று நினைத்திருக்கிறார். மலைப்பாதையில் இண்டிகேட்டர்தான் நம் பேச்சு. அது தப்பாகப் பேசினால் பின்னால் வருபவருக்கு ஆபத்து. இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

சங்ககிரியில் ஒரு மூத்த எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான் முடிச்சை அவிழ்த்தார். "பழைய பல்பு வெளிச்சமும் குடுத்துது, லோடும் இழுத்துதுங்க தம்பி. நீங்க வெளிச்சத்தை மட்டும் மாத்தீட்டு வந்திருக்கறீங்க" என்றார். கீழே வரும் அறிகுறிகள் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தில் வந்து முடிபவை.

அண்ணன் சொன்ன லோடு, பல்பு இழுக்கும் மின்சாரம். கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 21 வாட் இழை பல்பு ஒன்று ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். முன்னும் பின்னும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு மூன்றரை ஆம்பியர். அதே இடத்தில் 3 வாட் எல்.இ.டி. கால் ஆம்பியர்தான் இழுக்கும். இன்னொன்றும் இருக்கிறது. அணைந்திருக்கும் இழை பல்பின் மேல் மல்டிமீட்டரை வைத்தால் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். ஏறக்குறைய வெறும் கம்பி மாதிரி. வண்டியை வடிவமைத்தவர்கள் இந்த இரண்டையும் நம்பித்தான் ஒயரிங் போட்டார்கள்.

தொடங்கும் முன் மூன்று விஷயம். வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதை மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு பேட்டரி தெரிந்தால் ஒயர் தொடராக (ஒன்றின் பாசிடிவ் மற்றதன் நெகடிவோடு) இருக்கிறதா, பக்கவாட்டாக (பாசிடிவ் பாசிடிவோடு) இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியின் எந்த முனை சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், இறங்குகிறது என்று பாருங்கள். அதைத்தான் எர்த் என்கிறோம். கழற்றிய பழைய பல்புகளை எறியாதீர்கள். அவைதான் நம்முடைய முதல் சோதனைக் கருவி.

அறிகுறி: சுவிட்ச் போட்டதும் எரிகிறது, மின்னவில்லை

எரிந்தபடியே நிற்கும். டக் டக் சத்தமும் வராது. இது பழைய வெப்ப பிளாஷர். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைப்பது அதுதான். வட்ட டப்பா அல்லது சதுர டப்பா, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். உள்ளே இருக்கும் தகடு மின்சாரத்தால் சூடாகி வளைந்து தொடர்பைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி தொடும். மூன்றரை ஆம்பியருக்குப் பழகிய தகடு அரை ஆம்பியருக்குச் சூடாகவே ஆகாது.

உறுதி செய்ய அந்தப் பக்கம் ஒரே ஒரு பல்பை எடுத்துவிட்டுப் பழைய இழை பல்பைப் போடுங்கள். மெதுவாகவோ தட்டுத்தடுமாறியோ மின்னத் தொடங்கினால் ஒயரிங் நன்றாக இருக்கிறது, பிளாஷரை மட்டும் மாற்றினால் போதும்.

கடையில் "எல்.இ.டி. பிளாஷர்" என்று கேட்டு வாங்குங்கள். 12க்கும் 24க்கும் தனித்தனியாக வரும். இந்த வகை லோடைப் பார்க்காமல் தன் சொந்தக் கணக்கில் மின்னும். அதற்காகப் பெரும்பாலும் மூன்றாவது காலில் எர்த் கேட்கும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். பழைய மூன்று கால் பிளாஷரில் மூன்றாவது கால் எர்த் இல்லை. டேஷ்போர்டில் இருக்கும் சின்ன விளக்குக்குப் போகும் கால். பிரிட்டிஷ் லூகாஸ் முறையில் பி (B) அல்லது எக்ஸ் (X) என்பது சப்ளை, எல் (L) என்பது விளக்குக்குப் போவது, பி (P) என்று மூன்றாவதாக இருப்பது அந்தச் சின்ன விளக்கு, அதாவது பைலட் விளக்கு. ஜெர்மன் முறையில் 49 சப்ளை, 49ஏ விளக்கு, 31 எர்த், சி பைலட். புது பிளாஷரைப் பழைய சாக்கெட்டில் அப்படியே சொருகினால் அதன் எர்த் கால் பைலட் விளக்கு ஒயரில் போய் உட்காரும். பிளாஷர் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து, அந்தக் காலுக்குத் தனியாக ஒரு கறுப்பு ஒயர் இழுத்துச் சேஸிஸில் கட்டுங்கள். பைலட் ஒயரை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரம் வையுங்கள். அதை என்ன செய்வது என்று அடுத்தடுத்து வருகிறது.

அறிகுறி: படபடவென்று வேகமாக மின்னுகிறது

வண்டியில் ஏற்கெனவே யாரோ எலெக்ட்ரானிக் பிளாஷர் போட்டிருக்கிறார்கள். அது லோடைக் கவனிக்கும். லோடு குறைந்தால் ஒரு பல்பு போய்விட்டது என்று எண்ணி, டிரைவருக்குச் சொல்ல வேகமாக மின்னும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்னுவதுதான் முறை. கடிகாரம் வைத்து அரை நிமிடம் எண்ணுங்கள். 30க்கும் 60க்கும் நடுவே வந்தால் விட்டுவிடலாம்.

இதற்கும் எல்.இ.டி. பிளாஷர் போடுவதுதான் என் விருப்பம். ஆனால் சில வண்டிகளில் பிளாஷர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும், அல்லது வேறொரு பெட்டியோடு ஒட்டியிருக்கும். அப்போது லோடு ரெசிஸ்டர்தான் வழி. 12 வோல்ட்டுக்கு 6 ஓம், 50 வாட். ஒரு முனை இண்டிகேட்டர் ஒயரில், மறு முனை எர்த்தில், அதாவது பல்புக்குப் பக்கவாட்டாக. ஒயரை வெட்டி நடுவே தொடராகச் சேர்த்தால் எல்.இ.டி.யின் வெளிச்சம் மாறினாலும் மாறும், வேகம் குறையாது. 24 வோல்ட்டுக்கு 25 ஓம் பக்கம் தேவைப்படும். அங்கே 6 ஓம் போட்டால் 100 வாட்டுக்கு மேல் போய் ரெசிஸ்டர் கருகிவிடும்.

இது சூடாகும், கை வைத்தால் சுட்டுவிடும் அளவுக்கு. இன்ஜின் ஓடும்போது 6 ஓமில் 30 வாட்டுக்கு மேல் எரிகிறது. மின்னல் இடைவெளியால் பாதி நேரம் அணைந்திருந்தாலும் சூடு சூடுதான். நாமக்கல் பக்கத்துப் பாடி என்றால் பின்பக்கம் மரப்பலகை. அதில் திருகாதீர்கள், பிளாஸ்டிக் விளக்குக் கூட்டுக்குள்ளும் ஒளிக்காதீர்கள். சேஸிஸ் இரும்பில் போல்ட் போட்டு, ஒயர்க்கட்டு தொடாத தூரத்தில் வையுங்கள். ரெசிஸ்டர் போட்ட பிறகு மின்சாரம் மிச்சமாகும் என்ற கணக்கு அங்கே இல்லாமல் போகிறது. பல்பு எரிந்துபோனாலும் பிளாஷர் சொல்லாது. எனக்கு அது பிடிக்காததற்கு இவ்விரண்டும் காரணம்.

அறிகுறி: ஒரு பக்கம் போட்டால் நான்கும் மின்னுகிறது

திம்பத்தில் என்னைத் தடுமாற வைத்தது இதுதான். ஒயர் எங்கேயோ ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக் கட்டு முழுவதையும் பிரித்தேன். எதுவுமே ஒட்டவில்லை.

டேஷ்போர்டில் இடதுக்கும் வலதுக்கும் பொதுவாக ஒரே ஒரு சின்ன விளக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குற்றவாளி அதுதான். அந்த விளக்கின் ஒரு முனை இடது ஒயரில், இன்னொரு முனை வலது ஒயரில் கட்டியிருக்கும். எர்த்தே கிடையாது. இடது இண்டிகேட்டர் போட்டால் மின்சாரம் இடதிலிருந்து சின்ன விளக்கு வழியே வலது பக்கம் போய், அங்கே அணைந்திருக்கும் இழை பல்புகள் வழியாக எர்த்தில் இறங்கும். அந்த இழைகள் ஒரு ஓமுக்கும் குறைவு என்பதால் அவை எரியாது, சின்ன விளக்கு மட்டும் எரியும். ஒரு விளக்கில் இரண்டு பக்கத்தையும் காட்டிய அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்புதான். வலது பக்கத்து இழை எடுத்து எல்.இ.டி. வைத்துவிட்டோம். சின்ன விளக்கு வழியாகக் கசியும் நூற்றுச் சொச்சம் மில்லியாம்பியர் இழையை எரிக்காது; எல்.இ.டி.யை நன்றாகவே எரிக்கும்.

உறுதி செய்ய வழி எளிது. டேஷ்போர்டு விளக்கை ஹோல்டரிலிருந்து கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் சரியாக மின்னினால் வேறெங்கும் தேட வேண்டாம்.

விளக்கைக் கழற்றியே விட்டுவிடலாம் என்று தோன்றும். இண்டிகேட்டரை அணைக்க மறந்து பத்து கிலோமீட்டர் ஓட்டுபவர்கள் நம்மில் அதிகம், அதனால் வேண்டாம். இரண்டு டயோடு வாங்குங்கள். 1என்4007 போதும், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்தான். டேஷ்போர்டு விளக்கிலிருந்து இரண்டு ஒயரையும் பிரியுங்கள். இடது ஒயருக்கு ஒரு டயோடு, வலது ஒயருக்கு ஒரு டயோடு. வெள்ளிக் கோடு உள்ள முனைகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து விளக்கின் ஒரு முனைக்குப் போகட்டும். விளக்கின் மறு முனையை எர்த்தில் கட்டுங்கள். டயோடு ஒரு வழிப்பாதை. இடதிலிருந்து வருவது விளக்குக்குப் போகும், வலதுக்குத் திரும்பாது. இணைப்புகளைச் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டு மூடுங்கள், முறுக்கி டேப் சுற்றினால் லாரி ஆட்டத்துக்கு நிற்காது. முன்பு ஓரம் வைத்த பைலட் ஒயர் இருக்கிறதல்லவா? அந்த வகை வண்டியில் விளக்குக்கு இதே இரண்டு டயோடு முறையில் இடது, வலது ஒயர்களிலிருந்து சப்ளை கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: ஒரு பல்பு மட்டும் எரியவே இல்லை

முதலில் பல்பைக் கையில் எடுத்து நேராகப் பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். நடு முனை பாசிடிவ், வெளி உறை நெகடிவ். எரிந்தால் பல்பு நல்லது.

எல்.இ.டி. பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டு பல சமயம் பழைய பல்பில் இருந்ததைவிடத் தட்டையாக இருக்கும். ஹோல்டரின் ஸ்பிரிங் வலுவிழந்து உள்ளே அமுங்கியிருந்தால் தொடாது. உப்புத்தாள் சுருட்டி ஹோல்டரைத் தேய்த்து, ஸ்பிரிங்கை மெதுவாக மேலே இழுத்துவிடுங்கள். பல்பு ஹோல்டரில் உட்காரவே மறுத்தால் அழுத்தித் திருகாதீர்கள். மஞ்சள் பல்புகளில் ஒரு வகைக்குப் பக்கத்து ஆணிகள் நேரெதிராக இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கும். வெள்ளைப் பல்பு இடத்தில் அதைத் தவறிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆணியை அரம் வைத்துத் தேய்த்து மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தகுந்த பல்பைக் கேட்டு வாங்குவதே மேல்.

நான்கு பல்பும் எரியவில்லை, ஆனால் இழை பல்பு போட்டால் எரிகிறது என்றால் பேட்டரியின் எந்த முனை சேஸிஸில் இறங்குகிறது என்று முதலில் பார்க்கச் சொன்னேனே, அதுதான் காரணம். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பாசிடிவ் எர்த். இழைக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான். எல்.இ.டி.க்கு அப்படியில்லை. இரு பக்கமும் எரியும் என்று சொல்லி விற்கும் பல்பு வாங்கலாம், ஆனால் எலெக்ட்ரானிக் பிளாஷருக்கும், மேலே சொன்ன டயோடுகளுக்கும் திசை மாறும். டயோடுகளைத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். பிளாஷரைப் பாசிடிவ் எர்த்துக்கு உரியதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அறிகுறி: இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் துடிக்கிறது, பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது

எர்த் கெட்டுப்போயிருக்கிறது. லாரிகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) முன்னால் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். ஆயுத பூஜைக்கு இன்னொரு கை. நாற்பது வருடத்து வண்டியில் விளக்குக் கூடு உட்காரும் இரும்பின் மேல் எத்தனை பூச்சு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விளக்கின் எர்த் அந்தப் பூச்சின் மேல், துருப்பிடித்த ஒரு திருகு வழியே ஊர்ந்து போகிறது. போக வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து விளக்கின் இழை வழியே வேறு எர்த்தைத் தேடிப் போகும். அதனால்தான் ஒன்றைப் போட்டால் மற்றொன்று துடிக்கிறது. பழைய பல்பிலும் இந்தக் கோளாறு இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருக்காது. எல்.இ.டி. சொட்டு மின்சாரத்துக்கும் எரிவதால் இப்போது தெரிகிறது.

சோதிக்கும் முறையில் ஒரு நுணுக்கம். எல்.இ.டி. மாட்டியபடி எர்த்தைச் சோதித்தால் மீட்டர் நல்லதாகவே காட்டும், ஏனென்றால் கால் ஆம்பியருக்கு மோசமான எர்த்தும் தாங்கும். பழைய இழை பல்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இண்டிகேட்டரை ஓட விட்டு, மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, சிவப்பு முனையை ஹோல்டரின் உலோக உறையிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும் தொடுங்கள். பல்பு எரியும் நொடியில் அரை வோல்ட்டுக்கு மேல் தாவினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லாதவர்கள் நீளமான ஒயர் ஒன்றால் ஹோல்டர் உறையையும் பேட்டரி நெகடிவையும் நேராக இணைத்துப் பார்க்கலாம். துடிப்பு நின்றால் விடை கிடைத்துவிட்டது.

சரி செய்யும்போது அரைகுறையாக விடாதீர்கள். ஒவ்வொரு விளக்குக் கூட்டிலிருந்தும் தனிக் கறுப்பு ஒயர் இழுத்து, சேஸிஸில் ஒரே இடத்தில் சேருங்கள். அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். அப்புறம் பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கு வரும் தடித்த பட்டையையும் ஒருமுறை கழற்றித் துடைத்துவிடுங்கள். அடுத்த முறை பெயிண்டர் வரும்போது அந்தப் போல்ட்டைக் காட்டி, அதன் மேல் பிரஷ் படக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: சுவிட்ச் அணைத்த பிறகும் லேசாக எரிகிறது

இருட்டில்தான் தெரியும். எலெக்ட்ரானிக் பிளாஷர் வழியாகவோ ஈரம் ஏறிய சுவிட்ச் வழியாகவோ கசியும் மில்லியாம்பியர்கள். மழைக்குப் பிறகு மட்டும் வந்தால் சுவிட்சைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். எப்போதும் இருந்தால் அந்தப் பக்கத்து ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று. 24 வோல்ட்டில் 2.2 கிலோ ஓம், 1 வாட். இது சூடாகாது. கசிவை மட்டும் குடித்துக்கொள்ளும்.

அறிகுறி: இரண்டு மூன்று மாதத்தில் பல்பு செத்துப்போகிறது

இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றி ஓட விட்டு பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8க்கும் 14.5க்கும் நடுவே இருக்க வேண்டும், 24இல் அதன் இரு மடங்கு. 15ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள். இழை பல்பு இதைப் பொறுத்துக்கொண்டிருக்கும், எல்.இ.டி. பொறுக்காது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் உண்டு. அந்த நொடியில் எழும் வோல்ட்டேஜ் பல்பையும் பிளாஷரையும் சேர்த்துக் கொல்லும்.

அறிகுறி: எல்லாம் சரியாக மின்னுகிறது, பகலில் பின்னாலிருந்து தெரியவில்லை

ஆரஞ்சு கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போட்டால் வெளிறிப்போகும். அதன் ஒளியில் ஆரஞ்சுப் பங்கு குறைவு. கண்ணாடி மற்ற நிறங்களைத் தடுத்துவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான். ஆரஞ்சு எல்.இ.டி. வாங்குங்கள். இரண்டாவதாக, பழைய கூட்டின் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு, நடுவில் நின்று சுற்றிலும் எரியும் இழைக்காகச் செய்தது. நுனியில் மட்டும் சிப் உள்ள எல்.இ.டி. நேரே ஒரு புள்ளியாகத்தான் தெரியும். பக்கவாட்டிலும் சிப் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பூச்சு உரிந்துபோன கூட்டில் எந்தப் பல்பும் உதவாது, கூட்டையே மாற்றுங்கள்.

இதைப் பட்டறை நிழலில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நடுப்பகலில் வண்டியை வெயிலுக்குக் கொண்டுவந்து, கேபினில் ஒருவரை உட்கார வைத்து, ஐம்பது அடி பின்னால் போய் நில்லுங்கள். முதலில் நேராக, பிறகு இருபக்கமும் சாய்ந்து. நான் நின்று பார்த்தபோது வலது பின் விளக்கு மட்டும் மங்கலாக இருந்தது. கழற்றினேன், கண்ணாடியின் உட்புறம் முழுக்க மஞ்சள் புழுதி, ஈரோட்டு மண்டிக்கு ஓடிய காலத்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி மாட்டியதும் மற்ற மூன்றோடு சேர்ந்துகொண்டது.